டாக்டரம்மா சொன்னதாக அம்மா சொன்னது

வாழைப்பழம் கூடாது. தயிர் கூடாது. ஆரஞ்சு, திராட்சை, ஐஸ் கூடாது. தலைக்கு அடிக்கடி ஊற்றிக்கொள்ளக் கூடாது. மல்லிகைப் பூ வைக்கக் கூடாது. ஓடக் கூடாது. பள்ளிக்கூடம் போகக் கூடாது.

இதெல்லாம் டாக்டரம்மா சொன்னதாக அம்மா சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டு நடந்தேன்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீடு ஒரே அறை. பின்னால் ஷீட் போட்ட ஒரு சின்ன இடம். அங்கே உட்கார்ந்து அம்மா ஊதுபத்தி உருட்டுவாள். எங்கள் சந்தில் பாதி வீட்டில் அதுதான் வேலை. ஏஜெண்ட் சைக்கிளில் கரிப்பொடி மூட்டையும், ஜிகட்டு என்கிற ஒட்டுப்பொடியும், மூங்கில் குச்சிக் கட்டும் கொண்டுவந்து போடுவான். பொடியைச் சலித்து, கலந்து, தண்ணீர் விட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசையணும். கொஞ்சம் கிள்ளி, குச்சியோடு பலகையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு உருட்டு. பத்தி ஆகிவிடும். காய்ந்ததும் கட்டிவைத்தால் ஏஜெண்ட் எடுத்துப்போவான். வாசனை போடுவது கம்பெனியில். எங்கள் வீட்டில் கரி நாற்றம்தான்.

பொடி சலிப்பது என் வேலை. சின்ன வயசிலிருந்தே. ஸ்கூல் விட்டு வந்ததும் சல்லடையை எடுப்பேன். உருட்டவும் சீக்கிரம் வந்துவிட்டது. என் பத்தி நுனியிலிருந்து அடிவரை ஒரே கனமாக இருக்கும். ஏஜெண்ட் எடுத்துப் பார்த்து, "இது பெரியம்மா கை இல்ல, சின்னம்மா கை" என்பான். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

ஏழாவது படிக்கும்போது இருமல் வந்தது. போகவில்லை. பிறகு நெஞ்சில் விசில் சத்தம். வீசிங் என்றார்கள். பெங்களூர் குளிர் என்று ஒருத்தர். ரோட்டோரம் வெள்ளைப் பூ பூக்கிற காங்கிரஸ் செடியால் என்று ஒருத்தர். அம்மா தாயத்து கட்டினாள். எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். தாயத்து எல்லாம் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் மிலிட்டரி மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற வேலை. வந்ததும் பார்த்தார். "மூச்சு வாங்குதுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ. கயிறு இன்னா பண்ணும்?" என்று அறுத்துப் போட்டார். அதற்கு மேல் அவர் எதிலும் தலையிட்டதில்லை.

ஒருநாள் விடியற்காலை என்னால் பேச முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுக்கணும். அம்மா அல்சூர் பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கன்னடக்கார டாக்டரம்மா. தமிழ் கலந்து பேசுவார். என் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்து ஓரமெல்லாம் கரி. அது கழுவினாலும் போகாது. பிறகு நர்ஸிடம் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். ஊசி போட்டார்கள், மெஷினில் ஆவி பிடிக்க வைத்தார்கள். அம்மா வெளியே டாக்டரம்மாவோடு நின்றாள்.

நான் வந்தபோது அம்மா பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்தேன்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"வா, சொல்றேன்."

வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தண்ணி குடித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாழைப்பழத்தில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் முடித்தாள்.

"ஸ்கூல் எதுக்கும்மா?"

"அவ்ளோ தூரம் நடக்கக் கூடாதாம். கூட்டத்துல உக்காரக் கூடாதாம். வீட்டுலயே வெச்சிக்கோன்னாங்க. நானா சொல்றேன்? டாக்டர் சொல்றாங்க."

டாக்டர் சொன்னால் சொன்னதுதான். எட்டாவது புத்தகத்துக்கு நான் அப்போதுதான் அட்டை போட்டிருந்தேன். அதைப் பக்கத்துச் சந்துப் பெண்ணுக்குக் கொடுத்தாள் அம்மா.

அதற்குப் பிறகு காலையிலிருந்தே பலகை முன்னால் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது. வீட்டில் சும்மா இருக்கிற பெண். கைக்கு வேலை வேணும். தம்பி பள்ளிக்கூடம் போவான், வருவான். அவன் சாப்பிடும்போது வாழைப்பழத்தை எனக்குத் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவான். நல்ல பையன்.

டாக்டரம்மா ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். போட்டால் திணறல் விடும். ஆனால் கை நடுங்கும். அம்மா அதைப் பாதியாக உடைத்துக் கொடுப்பாள். "முழுசு போட்டா சூடு" என்பாள். மருந்தை வாயால் இழுக்கிற ஒரு பம்ப்பும் இருந்தது. அதை டிரங்குப் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். "பம்ப் பழகினா சாவற வரைக்கும் விடாது. பொண்ணு புள்ள பம்ப்போட திரிஞ்சா எவன் கட்டுவான்?" உதடு நீலமானால்தான் அது வெளியே வரும்.

சில சமயம் நானே யோசிப்பேன். சலித்த நாளில் அதிகமாக இருக்கிறதே என்று. யோசித்துவிட்டு விட்டுவிடுவேன்.

அந்த வருஷக் கடைசியில் காவேரித் தண்ணி கலாட்டா வந்தது. தமிழ்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று சேதி. கடை மூடினார்கள். பஸ் இல்லை. ஏஜெண்ட் வரவில்லை. அப்பா என்னையும் தம்பியையும் ஒரு காய்கறி லாரியில் ஏற்றிவிட்டார். லாரிக்காரர் கன்னடக்காரர்தான். எல்லையில் இருக்கிற அத்திபெலே தாண்டும் வரைக்கும் கோணிக்கடியில் படுத்திருந்தோம். கோணித் தூசியில் எனக்கு நெஞ்சு கட்டியது. இருமல் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று தம்பி என் வாயைப் பொத்தினான். அவனுக்குப் பத்து வயசுகூட இல்லை. எனக்குச் சாவு அதுதான் என்று தோன்றியது. ஓசூர் வந்ததும் லாரிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கிருஷ்ணகிரியில் பெரியம்மா வீடு. வயல்வெளி எல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாரி புகைக்கு நடுவில். பெங்களூரை விடத் தூசி. ஆனால் அங்கே போன கொஞ்ச நாளில் எனக்கு விசில் நின்றது. காலையில் எழுந்தால் மூச்சு சும்மா போய் வந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மூச்சு நன்றாக இருந்தால் யார் கவனிப்பார்கள்.

பெரியம்மா மகள் என்னைவிட மூத்தவள். வாய் ஜாஸ்தி. நான் தயிர் வேண்டாம் என்றால், "மகாராணிக்கு தயிர் ஆவாதாம், பாதாம் பால் கொண்டாங்க" என்பாள். பழம் வேண்டாம் என்றால், "அதுவும் ஆவாதா? காத்தாவது ஆவுமா, அதையும் நிறுத்திடலாமா?" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரணும். வரவில்லை. ஒருநாள் அவள் என் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். துரத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினேன். நின்ற பிறகுதான் ஓடியது தெரிந்தது. பயமாக இருந்தது. டாக்டர் பேச்சை மீறிவிட்டேனே என்று.

கலாட்டா அடங்கித் திரும்பி வந்தோம். பொடி மூட்டைகள் சேர்ந்து கிடந்தன. மறுநாளே சலித்தேன். சாயங்காலம் விசில் வந்துவிட்டது.

அன்றைக்கு அம்மாவை நேராகக் கேட்டேன்.

"அங்க எனக்கு ஒண்ணுமே வரலம்மா. இந்தப் பொடியாலதான் வருதோ?"

அம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"பொடியால வர்றதுன்னா எனக்கில்ல முதல்ல வரணும்? எத்தன வருசமா உக்காந்துகினு கீறேன். டாக்டரம்மா பொடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அது ஊர் மாத்தம். இங்க குளிரு."

நான் நம்பினேன். அம்மா பொய் சொல்லுவாள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ராத்திரி மூச்சு விட முடியாமல் நான் உட்கார்ந்திருந்தால் அவளும் உட்கார்ந்திருப்பாள். முதுகை நீவிவிடுவாள். அந்தக் கை பொய் என்று இப்பவும் சொல்லமாட்டேன்.

அப்படியே போனது. எனக்குப் பதினாறு முடிந்தது. என்னோடு படித்தவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள். நான் உடம்பைப் படித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. வீசிங் வருமுன்னே எனக்கு மோவாய்க்கட்டைக்கு அடியில் அரிக்கும். பிறகு கொட்டாவி வரும். பிறகுதான் விசில். அரிப்பு வந்ததுமே சுடுதண்ணி குடித்து, குனிந்து முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்காருவேன். படுத்தால் இன்னும் மோசம். மூச்சை வெளியே விடத்தான் கஷ்டம், இழுக்க இல்லை. இது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். ஒரு இங்கிலீஷ் ஸ்கூலில் ஆயா வேலை. புருஷன் விட்டுப் போனவள். வாழைப்பழம் தின்றுகொண்டே என் எதிரில் வந்து நிற்பாள். "ஏன்டி, இதுகூடத் தின்னாம இன்னாத்துக்கு உயிர் வாழுற? அடுத்த ஜென்மத்துல குரங்காப் பொறந்தா இன்னா பண்ணுவ?" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஆம்பூரில் ஒரு சாவு. அம்மா போனாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அப்பா விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டார். ஏஜெண்ட் சரக்கு கேட்டிருந்தான் என்று நான் காலையிலேயே ஒரு மூட்டை சலித்தேன். மழைக்குக் கதவைச் சாத்தியிருந்தேன். மோவாய் அரித்தது. கொட்டாவி வருமுன்பே மூச்சு நின்ற மாதிரி ஆகிவிட்டது. டிரங்கைத் திறக்கப் போனேன். பூட்டு. சாவி அம்மா இடுப்பில் ஆம்பூரில்.

சொம்பை எடுத்துச் சுவரில் தட்டினேன். அக்கா வந்தாள். ஆட்டோ பிடித்து, மடியில் சாய்த்துக்கொண்டு, அதே கிளினிக்குக்குப் போனாள்.

ஆவி பிடித்து, ஊசி போட்டு, மூச்சு திரும்பி வந்த பிறகு டாக்டரம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். என் கையை எடுத்தார். விரலைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏனம்மா, இன்னும் அதே பத்தி கெலசா, அதே வேலையா?"

நான் தலையாட்டினேன்.

"உன் அம்மாக்கு நான் அன்னைக்கே சொன்னேனே. இந்தப் பொடிதான் உனக்கு ஆகல. பக்கத்துலயே விடாதீங்கன்னு சொன்னேன். வேற எதுவும் தடை இல்ல, பொடி மட்டும் வேண்டாம்னு."

"வாழைப்பழம்?"

"என்ன வாழைப்பழம்?"

"தயிர், ஆரஞ்சு… நீங்கதான் கூடாதுன்னீங்க."

அவர் அக்காவைப் பார்த்தார்.

"எல்லாம் தின்னு. ஓடு. வெளையாடு. ஸ்கூல்ல யாராவது கேட்டா பம்ப் காட்டு, வெட்கம் பேடா, வெட்கப்படாத. எத்தனாவது படிக்கிற?"

அக்காதான் சொன்னாள்.

"ஸ்கூலுக்கு அனுப்பாதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம் மேடம். எட்டாவதுலயே நின்னுட்டா."

டாக்டரம்மா "நானா?" என்றார். சத்தம் இல்லாமல். பிறகு எழுந்துபோய் இரண்டு பம்ப் எடுத்து வந்தார்.

ஒன்று தினமும். மூச்சு நன்றாக இருந்தாலும் எடுக்கணும். எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். இன்னொன்று திணறும்போது. பம்ப்பில் பழக்கம் என்று ஒன்றும் இல்லை, கண்ணாடி போடுகிற மாதிரிதான் என்றார். நான் அழுத்தும்போது மருந்து நாக்கிலேயே நின்றது. அவர் ஒரு காலித் தண்ணி பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, பம்ப்பை அதில் சொருகி, மறுபக்கம் வாய் வைத்து நிதானமாக இழுக்கச் சொன்னார். நெஞ்சுக்குள் போனது தெரிந்தது. கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். என் காதில் அம்மா சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லல. டாக்டரம்மா பொடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

திரும்பும்போது அம்மா மாத்திரையை ஏன் பாதியாக உடைத்தாள் என்பதும் புரிந்துவிட்டது. கை நடுங்கினால் பத்தி ஒரே கனமாக வராது.

வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்கினேன். அக்கா ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா வந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா பையோடு நின்றாள். பழத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பாட்டிலும் பம்ப்பும் இருந்தன. அதையும் பார்த்தாள். தம்பி அவள் பின்னால் நின்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன்."

"யார் கூட?"

நான் பழத்தைத் தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

அம்மா உள்ளே போனாள். பையை வைத்தாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள், குளிக்கக்கூட இல்லை. பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பாதியில் விட்ட மாவு காய்ந்து போயிருந்தது. அதில் தண்ணி தெளித்துப் பிசைந்தாள்.

நான் எழுந்துபோய் அவள் எதிரில் நின்றேன்.

"ஏம்மா?"

அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"உன் கை மாதிரி எனக்கு வராதுடி."

அவ்வளவுதான் சொன்னாள். அதை ஒரு பாராட்டு மாதிரிச் சொன்னாள். நான் எத்தனையோ பதில் எதிர்பார்த்திருந்தேன். தெரியாமல் பண்ணிட்டேன் என்றாவது, அப்பாதான் சொன்னார் என்றாவது. இது வரும் என்று நினைக்கவில்லை.

"இனிமே உக்கார மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

சாயங்காலம் அப்பாவைக் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "உங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

போக வேறு வீடு இல்லை. அக்கா வீட்டில் படுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு மட்டும் போவேன். அக்கா சொல்லி ஜீவனஹள்ளியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை கிடைத்தது. கண்ணாடி அறை, பொடி இல்லை. நம்பர் போட்டுக் கொடுப்பது, பில் கிழிப்பது. தினமும் நடந்தே போய் வந்தேன். அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று அம்மா சொன்னாளே, அந்த ஸ்கூலைவிட அது தூரம். ஸ்கூலுக்குத் திரும்பப் போகச் சொன்னாள் அக்கா. சின்னப் பிள்ளைகளோடு எட்டாவதில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. அந்த வயசு போனது போனதுதான்.

காலையில் ஒரு பம்ப், ராத்திரி ஒரு பம்ப், வாய் கொப்பளிப்பு. வீசிங் விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்கு முன்னால் வரும், பட்டாசுக்கு வரும். வந்தால் என்ன செய்வது என்று தெரியும். ரவிக்கைக்குள் பம்ப் இருக்கும். என்னைக் கட்டிக்கொண்டவரிடம் முதல் பேச்சிலேயே அதை எடுத்துக் காட்டினேன். "இது இன்னா, லைட்டரா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சரி என்றார்.

அம்மாவோடு பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவள் எது சொன்னாலும் வேறொருத்தரிடம் கேட்டுக்கொள்வேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னால்கூட.

செல்போன் எல்லார் கையிலும் வந்த காலத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. அப்போது சந்தில் பத்தி உருட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அம்மா விடவில்லை. தம்பி வேலைக்குப் போய்விட்டான், வேண்டாம் என்றான், கேட்கவில்லை. ஒருநாள் போன் பண்ணி, "மூச்சு வாங்குதும்மா, வர்றியா?" என்றாள். போனேன். அதே கிளினிக். டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் விரல் வெள்ளையாகிவிட்டதே. அம்மாவின் விரலைத்தான் பார்த்தார். அம்மாவை உள்ளே ஆவி பிடிக்க அனுப்பினார். நான் வெளியே நின்றேன். அவர் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா கேட்டாள்.

"இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். பொடி கூடாது. தினமும் ஒரு பம்ப். திணறினால் இன்னொன்று. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். பயப்பட ஒன்றும் இல்லை. மற்றபடி எதுவும் தடை இல்லை. டாக்டரம்மா சொன்னது அவ்வளவுதான். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வாழப்பழம்?"

"தின்னலாம்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"இன்னும் ஏதோ சொல்லியிருக்காங்க. நீ மறைக்கிற."

"இல்லம்மா."

"எனக்குத் தெரியும். பெரிய வியாதின்னு சொல்லியிருப்பாங்க. நிறுத்துப்பா வண்டிய."

இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, திரும்ப கிளினிக் படி ஏறினாள். நான் கூடப் போகவில்லை. ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெயிட்டிங் சார்ஜ் போடுங்க என்றேன்.